வாயில் முட்டை காக்கும் ஆப்பிரிக்க மீன்: வளர்ப்பது எளிது, பெருகினால் என்ன செய்வது?

கிள்ளான் பள்ளத்தாக்கின் அலங்கார மீன் கடைகளில் மஞ்சளும் நீலமுமாகப் பளபளக்கும் ஒரு தொட்டியைப் பலர் பார்த்திருப்பார்கள். முதன்முறை பார்ப்பவர், இது கடல் மீனா என்று கேட்பார். நல்ல தண்ணீர் மீன்தான், ஆப்பிரிக்க ஏரியிலிருந்து வந்த வகை என்று பதில் வரும். சாதாரண வகையாக இருந்தால் விலையும் கையைக் கடிக்காது. பிரிக்பீல்ட்ஸ் அடுக்குமாடியில் குடியிருப்பவரும் சரி, கிள்ளானில் தரைவீடு வைத்திருப்பவரும் சரி, பிள்ளைகளின் ஆசைக்காக ஆறு மீன்களைப் பையில் கட்டி வாங்கிச் சென்றுவிடுவார்.

சில மாதங்கள் கழித்து ஒரு மீன் சாப்பிடாமல் ஒதுங்கி நிற்கும். தாடை வீங்கினாற்போல் இருக்கும். நோய் வந்துவிட்டது என்று பயந்து மருந்து வாங்கி ஊற்றுகிறவர்கள் உண்டு. அது நோயல்ல. அந்த மீனின் வாய்க்குள் முட்டைகள் இருக்கின்றன. மூன்று வாரத்தில் அவை குஞ்சுகளாக வெளியே வரும். அன்றைக்கு வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. அடுத்த இரண்டு மாதத்தில் இன்னொரு தாய், அதற்கடுத்து இன்னொன்று. அப்போதுதான் உண்மையான கேள்வி எழுகிறது: இவ்வளவு குஞ்சுகளையும் எங்கே வைப்பது?

ஆப்பிரிக்க சிக்லிட் வளர்ப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் தண்ணீர், உணவு, நிறம் என்று நிறையச் சொல்வார்கள். அவை எல்லாம் தேவைதான். ஆனால் குஞ்சுகள் எங்கே போகும் என்ற கேள்விக்கு விடை வைத்துக்கொண்டு தொடங்குகிறவர்கள் குறைவு.

திலாப்பியாவும் இதே குடும்பம்

சிக்லிட் என்ற பெயர் புதிதாக இருக்கலாம். மீன் புதிதல்ல. சந்தையில் கிலோ கணக்கில் வாங்கிக் குழம்பு வைக்கிறோமே என்று இல்லத்தரசிகள் சொல்லும் திலாப்பியா, ஆப்பிரிக்க சிக்லிட்டுகளில் ஒன்றுதான். தமிழ்நாட்டில் அதைத்தான் ஜிலேபி கெண்டை என்கிறார்கள். கேரளத்தார் பொரித்துச் சாப்பிடும் கரிமீனும் சிக்லிட் குடும்பமே. ஆனால் அது இந்தியாவுக்கும் இலங்கைக்கும் சொந்தமானது. 2010இல் கேரள மாநில மீனாக அறிவிக்கப்பட்டது.

திலாப்பியா மலாயாவுக்கு வந்த கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. கிழக்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த மொசாம்பிக் திலாப்பியா 1930களின் இறுதியில் ஜாவா தீவில் தென்பட்டது. அதைப் பிடித்து வளர்த்த முஜாயிர் என்பவரின் பெயராலேயே இந்தோனேசியர்கள் இன்றும் அந்த மீனை அழைக்கிறார்கள். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் ஜாவாவிலிருந்து அது மலாயாவுக்குக் கொண்டுவரப்பட்டது. உணவுப் பஞ்ச காலம் அது. எந்தக் குட்டையிலும் வளரக்கூடிய மீன் தேவைப்பட்டது. அதனால்தான் மலாய்க்காரர்களில் மூத்தவர்கள் அதை 'ஈக்கான் ஜெப்புன்', அதாவது ஜப்பான் மீன் என்றார்கள். எண்பதாண்டுக்கு மேல் ஆகிவிட்டது. பழைய ஈயச் சுரங்கக் குட்டையிலும் கால்வாயிலும் உப்புக் கலந்த ஆற்று முகத்திலும் அது குடியேறிவிட்டது. வந்த விருந்தாளி வீட்டுக்காரனாகிவிட்டான்.

அந்த மீனும் முட்டையை வாயில்தான் காக்கும். கடையில் மஞ்சளாய் மின்னும் மீனும் அதே வேலையைத்தான் செய்கிறது. இந்த உறவை மனத்தில் வைத்துக்கொண்டால் மற்றவை தெளிவாகும்.

மூன்று ஏரிகள்

கடைகளில் 'ஆப்பிரிக்கன்' என்று பொதுவாகச் சொன்னாலும், இம்மீன்கள் பெரும்பாலும் மூன்று பெரிய ஏரிகளைச் சேர்ந்தவை: மலாவி, தங்கனீக்கா, விக்டோரியா. மலாவி ஏரி ஏறக்குறைய 570 கிலோமீட்டர் நீளமும் சுமார் 700 மீட்டர் ஆழமும் கொண்டது. மலாவி, மொசாம்பிக், தான்சானியா ஆகிய மூன்று நாடுகள் அதன் கரையில் உள்ளன. தங்கனீக்கா இன்னும் ஆழம், 1,470 மீட்டர். மலாவி ஏரியில் மட்டும் பல நூறு சிக்லிட் இனங்கள் உண்டு. அவற்றில் மிகப் பெரும்பாலானவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. அந்த ஏரியின் தென்பகுதி 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்ததற்கு இந்த மீன்களே முக்கியக் காரணம்.

இவ்வளவு இனங்கள் எப்படி ஒரே ஏரியில்? ஒவ்வொன்றும் ஒரு பிழைப்பைப் பிடித்துக்கொண்டது. ம்புனா என்று ஏரிக்கரை மக்கள் அழைக்கும் கூட்டம் பாறைகளில் வாழ்ந்து பாசியைச் சுரண்டித் தின்கிறது. கடைகளில் அதிகம் விற்கும் மஞ்சள் லாபிடோக்ரோமிஸ், கருநீலக் கோடு போட்ட டெமசோனி ஆகியவை ம்புனாக்களே. லிவிங்ஸ்டோனி என்ற வேட்டை மீன் இன்னும் வேடிக்கையானது. மணலில் சாய்ந்து படுத்து, செத்த மீன் போல் அசையாமல் கிடக்கும். சிறு மீன்கள் கொத்த வந்தால் ஒரே பாய்ச்சலில் பிடித்துவிடும். தங்கனீக்காவில் நத்தை ஓட்டுக்குள் குடித்தனம் நடத்தும் விரல் நீள மீன்களும் உள்ளன.

குயில் காக்கையின் கூட்டில் முட்டையிடுவது எல்லோருக்கும் தெரியும். தங்கனீக்கா ஏரியில் மீன்களிலேயே ஒரு குயில் இருக்கிறது. சினோடோன்டிஸ் வகைக் கெளுத்தி ஒன்று, சிக்லிட் முட்டையிடும் நேரம் பார்த்து இடையில் புகுந்து தன் முட்டைகளையும் போட்டுவிடும். சிக்லிட் தாய் இரண்டையும் சேர்த்து வாயில் அள்ளிக்கொள்ளும். கெளுத்திக் குஞ்சுகள் முந்திப் பொரித்து, வளர்ப்புத் தாயின் குஞ்சுகளை அந்த வாய்க்குள்ளேயே தின்று தீர்த்துவிடும். குயில்கூட இவ்வளவு கொடுமை செய்வதில்லை.

கோலாலம்பூர் குழாய்த் தண்ணீர்

தித்திவங்சா மலைத்தொடரின் கருங்கற்பாறைகள் வழியே ஓடிவரும் ஆறுகளிலிருந்துதான் கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் பெரும்பாலும் குடிநீர் கிடைக்கிறது. அது மென்னீர்; கரைந்த தாது குறைவு. தென்னமெரிக்க மீன்களுக்கு அது பொருந்தும். ஆப்பிரிக்க ஏரி மீன்களுக்குக் காரத்தன்மையுள்ள நீர் வேண்டும். மலாவி ஏரியில் பி.எச். அளவு சுமார் 7.7 முதல் 8.6 வரையும், தங்கனீக்காவில் அதற்கு மேலும் இருக்கும்.

இதற்காக வெளிநாட்டு உப்புப் பொட்டலம் வாங்கித்தான் ஆகவேண்டும் என்பதில்லை. சிலாங்கூர் கடலோரத்தில் கெராங் சிப்பிக்குப் பஞ்சமில்லை. தின்று முடித்த ஓடுகளைச் சதை இல்லாமல் தேய்த்துக் கழுவி, கொதிக்க வைத்து, வெயிலில் காயவைத்து, உடைத்து வலைப்பையில் போட்டு வடிகட்டிக்குள் வைத்தால் போதும். ஓட்டிலுள்ள சுண்ணாம்பு மெல்லக் கரைந்து நீரின் தன்மையை நிலைநிறுத்தும். அவசரத்துக்குச் சமையல் சோடா உதவும். 50 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி என்ற கணக்கில் தனிப் பாத்திரத்தில் கரைத்து, சிறிது சிறிதாகச் சேர்க்க வேண்டும். ஒரேயடியாகக் கொட்டினால் மீன் அதிர்ந்துவிடும். சாப்பாட்டு உப்பைப் போடுவது தவறு. ஆப்பிரிக்க ஏரிகள் உப்பு ஏரிகள் என்று யாரோ கிளப்பிவிட்ட கதை இன்னும் ஓயவில்லை. மலாவி ஏரித் தண்ணீரைக் கரையோர மக்கள் குடிக்கிறார்கள்.

வெப்பநிலைக்குச் சூடேற்றி தேவையில்லை. ஏரியில் 24 முதல் 28 டிகிரி. கோலாலம்பூர் வீட்டுக்குள் தொட்டி நீர் சாதாரணமாகவே 28, 29 காட்டும். கவலை மறுபக்கம்தான். சன்னல் ஓரத்தில் வெயில் படும் தொட்டியில் நீர் 31, 32 என்று ஏறினால் உயிர்வாயு குறையும். நீர்ப்பரப்பின் மேல் சிறு மின்விசிறி ஓடவிட்டால் ஓரிரு டிகிரி இறங்கும்.

அடுத்தது குழாய் நீரிலுள்ள குளோரின். கடைகளில் கிடைக்கும் குளோரின் நீக்கி மருந்தைச் சேர்க்கலாம். அல்லது வாளியில் பிடித்துக் காற்றுக் குழாய் போட்டு ஒரு நாள் வைத்திருக்கலாம். தண்ணீர்த் தடை வரும் ஊரில் இந்த வாளிப் பழக்கம் இரட்டை நன்மை. 2020 செப்டம்பர் 3ஆம் நாள் சிலாங்கூர் ஆற்றில் துர்நாற்றக் கழிவு கலந்து நான்கு சுத்திகரிப்பு நிலையங்கள் மூடப்பட்டபோது ஏறக்குறைய 12 லட்சம் கணக்குகளுக்கு நீர் நின்றது. மனிதருக்கே தண்ணீர் இல்லாத நாளில் மீனுக்கு யார் கொடுப்பார்? மூடிபோட்ட ஒரு பெரிய பீப்பாயில் நீர் சேர்த்து வைத்திருப்பவர் தப்பித்துக்கொள்வார். தடை நீங்கி முதலில் வரும் கலங்கல் நீரைத் தொட்டிக்கு விடக் கூடாது.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் எடையையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நான்கடி நீளம், ஒன்றரையடி அகலம், ஒன்றரையடி உயரமுள்ள தொட்டி 250 லிட்டர் கொள்ளும். தண்ணீர் மட்டுமே 250 கிலோ. கண்ணாடி, பாறை, தாங்கி எல்லாம் சேர்ந்தால் 300 கிலோவைத் தாண்டும். கூடத்தின் நடுவில் வைக்காமல் தாங்குசுவரை ஒட்டி வைப்பதே முறை.

கண்ணுக்குத் தெரியாத நஞ்சு

புதிதாக வளர்ப்பவர்களின் மீன் முதல் மாதத்திலேயே சாவதற்கு முக்கியக் காரணம் அம்மோனியா. மீன் கழிவிலிருந்தும் தின்னாமல் விட்ட உணவிலிருந்தும் அது உண்டாகிறது. அதைத் தின்று தீங்கற்றதாக மாற்றும் நுண்ணுயிர்கள் வடிகட்டியில் பெருக நான்கு முதல் ஆறு வாரம் பிடிக்கும். திங்கட்கிழமை தொட்டி வாங்கி, செவ்வாய்க்கிழமை இருபது மீன் விடுகிறவருக்கு அந்தப் பொறுமை இருப்பதில்லை.

ஆப்பிரிக்க மீனுக்கு இங்கே கூடுதல் ஆபத்து உண்டு. நீரில் அம்மோனியா இரண்டு வடிவில் இருக்கும். ஒன்று அதிகத் தீங்கில்லாதது, மற்றது செவுளைக் கருக்குவது. பி.எச். 7 இருந்தால், 28 டிகிரி வெப்பத்தில் நூறில் ஒரு பங்குகூட நச்சு வடிவில் இராது. பி.எச். 8.3 ஆனால் நூறில் 12 பங்கு நச்சாகிவிடும். அதாவது, சாதாரணத் தொட்டியில் தாங்கக்கூடிய அழுக்கு ஆப்பிரிக்கத் தொட்டியில் பதினைந்து மடங்குக்கு மேல் கொடியது. முன்பு தங்க மீன் வளர்த்தபோது இப்படி ஆகவில்லையே என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில். நுண்ணுயிர் பெருகும்வரை பொறுத்திருப்பது, பிறகு வாரந்தோறும் நான்கில் ஒரு பங்கு நீரை மாற்றுவது, வடிகட்டிப் பஞ்சைக் குழாய் நீரில் கழுவாமல் தொட்டியிலிருந்து எடுத்த நீரிலேயே அலசுவது. இம்மூன்றையும் செய்தால் மருந்துக் கடை பக்கமே போக வேண்டியதில்லை.

உணவும் சண்டையும்

ம்புனாக்களின் குடல் நீளமானது. பாசி தின்னப் பிறந்தவை அவை. டிஸ்கஸ், அரோவானா வளர்த்துப் பழகியவர்கள் அதே பழக்கத்தில் மாட்டு இதயம், புழு, இறால் என்று போடுவார்கள். மீன் ஆவலோடு தின்னும்; ஆனால் சில நாளில் வயிறு உப்பி, வெள்ளை நூல் போலக் கழிவு விட்டு, உணவை மறுத்து இறந்துபோகும். 'மலாவி உப்புசம்' என்று வளர்ப்பவர்கள் சொல்லும் இந்நோய்க்கு வருமுன் காப்பதே மருந்து. ஸ்பைருலினா பாசி கலந்த உருண்டை, வெந்த பட்டாணி, கீரை ஆகியவை போதும். ஒரு நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவுக்கு ஒரு நாளில் இரண்டு முறை. பிள்ளைகள் கையில் உணவு டப்பாவைக் கொடுத்துவிட்டு, தண்ணீர் ஏன் கலங்குகிறது என்று தேடுவது வீண்.

இவை சண்டைக்கார மீன்கள். ஓர் ஆண், ஒரு பெண் என்று சோடியாக வாங்குவது பெருந்தவறு. ஆண் துரத்தித் துரத்திப் பெண்ணைக் கொன்றுவிடும். ஓர் ஆணுக்கு மூன்று நான்கு பெண்கள் இருந்தால் துரத்தல் பங்கிடப்படும். பாறைகளை அடுக்கி, ஒளிய இடம் நிறைய வைக்க வேண்டும். பாறை தொட்டியின் அடிக்கண்ணாடியில் நேரே உட்கார வேண்டுமே தவிர மணல் மேல் அல்ல. மீன் மணலைத் தோண்டினால் பாறை சரிந்து கண்ணாடி உடையும். ஒரு மீன் அளவுக்கு மீறி ஆட்டம் போட்டால், பாறைகளை எடுத்து வேறு விதமாக அடுக்கிப் பாருங்கள். எல்லை மாறிப்போனதில் ரவுடிக்கும் தலை சுற்றும்.

வாய்க்குள் ஒரு தொட்டில்

முட்டையிடும் காட்சி பார்க்கத் தகுந்தது. ஆண் நிறம் மின்ன நடுங்கியபடி சுற்றும். பெண் சில முட்டைகளை இட்டு, உடனே திரும்பி வாயில் அள்ளும். ஆணின் அடித்துடுப்பில் முட்டை போலவே மஞ்சள் புள்ளிகள் இருக்கும். விடுபட்ட முட்டை என்று எண்ணிப் பெண் அதைக் கொத்தப்போகும் நேரத்தில் ஆண் விந்தை வெளியிட, வாய்க்குள்ளிருக்கும் முட்டைகள் கருவுறும். அப்புள்ளிகள் முட்டைப் போலிகள் என்ற விளக்கத்தை ஜெர்மானிய விலங்கியல் அறிஞர் வோல்ஃப்கங் விக்லர் 1962இல் வெளியிட்டார். பிற்கால ஆய்வாளர்கள் புள்ளிகளின் வேலை எவ்வளவு என்று வாதிட்டாலும், அடிப்படைக் கருத்து இன்றும் பேசப்படுகிறது.

அதன்பின் ஏறக்குறைய 21 நாள் தாய் பெரும்பாலும் பட்டினி. முட்டைகளைச் சுவாச நீரில் உருட்டி உருட்டிப் புதுக்காற்றுக் கொடுக்கும். குஞ்சுகள் வெளியே வரும்போது ஒரு சென்டிமீட்டர் இருக்கும். வந்த அன்றே தூளாக்கிய உணவைத் தின்னும். கப்பிக் குஞ்சை வளர்ப்பதைவிடக் கடினமல்ல.

குஞ்சு வேண்டுமென்றால் 18 நாளுக்குப் பிறகு தாயைத் தனித்தொட்டிக்கு மாற்றுவது நல்லது. சிலர் ஈரக்கையால் பிடித்து வாயைத் திறந்து குஞ்சுகளைக் கொட்டச் செய்கிறார்கள். கைப்பழக்கம் இல்லாதவர் இதை முயன்றால் தாடை கிழியும். கொட்டிய தாயை உடனே பெரிய தொட்டிக்குத் திருப்பி விடாமல் ஒரு வாரம் உணவு கொடுத்துத் தேற்ற வேண்டும். பட்டினியில் மெலிந்தவளை மற்ற மீன்கள் விட்டுவைக்காது.

இப்போது கணக்குக்கு வருவோம். ஓர் ஆண், நான்கு பெண்கள். ஒவ்வொரு பெண்ணும் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை 20 குஞ்சு என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் ஆண்டுக்கு 480. நான்கடித் தொட்டியில் வளர்ந்த மீன் இருபது, இருபத்தைந்துக்கு மேல் வைக்க முடியாது. அடுத்த ஆண்டு அந்த 480இல் பாதி தாயாகும். வட்டிக் கணக்குகூட இந்த வேகத்தில் ஏறுவதில்லை.

மலாக்காவில் கண்ட வழி

இந்தத் தலைவலியை இந்நாடு முன்பே சந்தித்திருக்கிறது. வாயில் குஞ்சு காக்கும் மொசாம்பிக் திலாப்பியாவைக் குளத்தில் விட்டவர்கள் பெரிய மீனை எதிர்பார்த்தார்கள். கிடைத்ததோ விரலளவு மீன்களின் கூட்டம். இரண்டு மூன்று மாத வயதிலேயே அது இனம் பெருக்கத் தொடங்கிவிடுவதால், குளத்து உணவெல்லாம் குஞ்சுகளுக்கே போய் எதுவும் வளரவில்லை.

மலாக்கா, பத்து பெரெண்டாமில் 1950களில் அமைந்த வெப்பமண்டல மீன் வளர்ப்பு ஆய்வு நிலையத்தில் சி. எஃப். ஹிக்லிங் என்ற பிரிட்டிஷ் அறிஞர் இதை ஆராய்ந்தார். சன்சிபாரிலிருந்து வந்த திலாப்பியா ஆணை மலாயாவிலிருந்த பெண்ணோடு சேர்த்தபோது பிறந்த குஞ்சுகள் அனைத்தும் ஆண்களாக இருந்தன! ஆண் மட்டும் உள்ள குளத்தில் பெருக்கம் ஏது? தின்ற உணவெல்லாம் உடம்பில் சேர்ந்தது. 1960இல் அவர் இதை வெளியிட்டார். சன்சிபார் மீன் தனி இனம் என்பது பிற்பாடு தெளிவானது. திலாப்பியாவை ஆணாக மட்டும் வளர்க்கும் இன்றைய உலகத் தொழிலுக்கு மலாக்காவில் நடந்த அந்தச் சோதனை ஒரு முன்னோடி.

வீட்டுத் தொட்டிக்கும் இந்த வழி உதவும். பெருக்கம் வேண்டாதவர் ஆண்களை மட்டும் வைக்கலாம். மயில் சிக்லிட் எனப்படும் ஔலோனோகாரா வகையில் நிறமே ஆணுக்குத்தான். வெவ்வேறு நிறத்தில் பத்துப் பன்னிரண்டு ஆண்களை ஒன்றாக வைத்தால் தொட்டி வானவில்லாகும். பெண் இல்லாததால் சண்டையும் ஓரளவு அடங்கும். மஞ்சள் லாபிடோக்ரோமிஸ் போன்றவற்றில் ஆண், பெண் பார்வைக்கு ஒன்றே என்பதால் இந்த வழி கடினம். அவற்றுக்கு இன்னொரு வழி இருக்கிறது: தாயைப் பிரிக்காமல் விட்டுவிடுவது. பாறை இடுக்கில் பதுங்கத் தெரிந்த ஒன்றிரண்டு குஞ்சு பிழைக்கும், மீதியைப் பெரிய மீன்கள் தின்றுவிடும். ஏரியிலும் இதுதான் நடக்கிறது. இளகிய மனமுள்ளவர்களுக்கு இது பிடிக்காது. ஆனால் 480 குஞ்சுகளையும் காப்பாற்றிவிட்டு, ஆறு மாதம் கழித்து வாளியோடு ஆற்றங்கரையில் நிற்பதைவிட இது மேல்.

ஆற்றில் விடுவது கருணையா?

1990களின் இறுதியில் மலேசியாவிலும் தைவானிலும் அமெரிக்க சிக்லிட்டுகளைக் கலந்து 'லோ ஹான்' எனப்படும் ஃபிளவர்ஹார்ன் மீனை உருவாக்கினார்கள். நெற்றி புடைத்த அந்த மீனின் உடலில் சீன எழுத்துப் போன்ற கோடு இருந்தால் அதிர்ஷ்டம் என்று பெரும் விலை கொடுத்தார்கள். 2000களின் தொடக்கத்தில் உச்சத்துக்குப் போன மோகம் சில ஆண்டுகளில் வடிந்தது. விலை சரிந்ததும் விற்க முடியாதவர்கள் பலர் குளத்திலும் ஆற்றிலும் கொட்டினார்கள். சுரங்கக் குட்டைகளில் தூண்டில் போடுகிறவர்கள் இன்று பிடிக்கும் மீன்களில் தென்னமெரிக்க சிக்லிட்டான பீக்காக் பாஸும் ஒன்று. அதுவும் இந்த மண்ணுக்கு உரியதல்ல.

மென்னீரில் மலாவி மீன் பிழைக்காது, ஆகவே ஆற்றில் விட்டால் கெடுதல் இல்லை என்று சிலர் வாதிடுவார்கள். பிழைக்காது என்று தெரிந்தே விடுவது என்ன கருணை? மேலும் கோலாலம்பூரின் அடியில் பெரும்பகுதி சுண்ணாம்புப் பாறை. அதைத் தொட்டு நிற்கும் குட்டை நீர் எல்லா இடத்திலும் மென்மையானதென்று சொல்ல முடியாது. நூறில் ஒன்று பிழைத்தாலும், முட்டையை வாயில் காக்கும் மீனுக்கு அது போதும். தொட்டியிலுள்ள நோயும் அதோடு போகும். வேண்டுதலுக்காக மீன் விடுகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும்.

விக்டோரியா ஏரியில் நடந்தது இதற்கு மறுபக்கச் சான்று. 1950களில் அங்கே நைல் பெர்ச் என்ற பெரிய வேட்டை மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். 1980களில் அது பெருகியபோது, அந்த ஏரிக்கே உரிய நூற்றுக்கணக்கான சிறு சிக்லிட் இனங்களில் பெரும்பகுதி சரிந்தது. பல இனங்கள் மறுபடி காணப்படவே இல்லை. ஊர் மாறி விட்ட ஒரே ஒரு மீனால் வந்த வினை. அவற்றுள் சில இன்று உயிரோடிருப்பது மீன்காட்சியகங்களிலும் ஆர்வலர்களின் தொட்டிகளிலும் மட்டுமே.

அந்த ஆர்வலர்களால் ஓர் இனத்தைக் காப்பாற்ற முடிந்ததற்குக் காரணம், எந்த இனம், எந்த இடத்து மீன் என்று எழுதி வைத்துக் கலக்காமல் வளர்த்ததுதான். மலாவி மீன்களுக்குள் கலப்பு எளிதில் நடந்துவிடும். ஒரே தொட்டியில் நெருங்கிய இரண்டு இனங்களை வைத்தால் பிறக்கும் குஞ்சு எதுவென்று யாரும் சொல்ல முடியாது. 'கலவை ஆப்பிரிக்கன்' என்று கடையில் மலிவாக விற்பவற்றில் இப்படிப்பட்டவை உண்டு. அழகுக்காக வைத்துக்கொள்வதில் குற்றமில்லை. குஞ்சு எடுத்து இனப்பெயர் போட்டு விற்பதுதான் தவறு. இனம் பெருக்க விரும்புகிறவர் ஒரு தொட்டிக்கு ஒரே இனம் என்று வைப்பது நேர்மை.

குஞ்சு எடுப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய வேலைகள் சில உள்ளன. பக்கத்துக் கடைக்காரரிடம், இந்த இனத்தில் ஓர் அங்குலக் குஞ்சு இருபது கொடுத்தால் எடுத்துக்கொள்வீர்களா என்று கேட்டுப் பார்க்கலாம். பணமாகக் கொடுக்காவிட்டாலும் உணவு, வடிகட்டிப் பஞ்சு என்று பண்டமாற்றாகத் தருகிற கடைகள் உண்டு. அவர் வேண்டாம் என்றால் அந்தச் சுற்றில் குஞ்சைப் பிரிக்க வேண்டாம். முதுகு வளைந்து, நீந்த முடியாமல் பிறந்த குஞ்சை யாருக்கும் கொடுக்கக் கூடாது. தனிப் பாத்திரத்து நீரில் கிராம்பு எண்ணெய் சில துளி கலந்து மயங்கச் செய்து, பிறகு அளவைக் கூட்டி நீண்ட நேரம் அதிலேயே வைத்து முடித்துவிடுவது வேதனை குறைந்த முறை. கழிப்பறையில் கொட்டுவது அப்படியல்ல.

கடைக்குக் கொண்டுபோகும் நாளில் குஞ்சுகளுக்கு முதல் நாளிலிருந்தே உணவை நிறுத்திவிட வேண்டும். பைக்குள் கழிவு சேராது. பையில் மூன்றில் ஒரு பங்கு நீர், மீதி காற்று. கிள்ளானிலிருந்து கோலாலம்பூருக்கு வரும் சாலை நெரிசலில் வெயில் படும் இருக்கையில் வைக்காமல், மூடியுள்ள நுரைப் பெட்டிக்குள் வைத்தால் சூடு ஏறாது. பையின் மேல் இனத்தின் பெயர், பெற்றோரை வாங்கிய இடம், குஞ்சு வெளிவந்த தேதி மூன்றையும் எழுதி ஒட்ட வேண்டும். கலப்பு என்றால் கலப்பு என்றே எழுத வேண்டும்.